இலக்குச் சுடுதலுக்கு முதல் ஸ்கோப்

ரைபிளின் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கிக்குச் சுடுதளத்தில் வழங்கும் பெயர் ஸ்கோப். இலக்கைப் பெரிதாக்கிக் காட்டுவது அதன் வெளிப்படையான வேலை. அதைவிட முக்கியமான வேலை ஒன்றும் உண்டு. சாதாரணக் குறிமுள்ளில் பின்குறி, முன்குறி, இலக்கு என்று மூன்று வெவ்வேறு தூரங்களில் உள்ள பொருள்களைக் கண் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முன்குறியே மங்கத் தொடங்கிவிடும். ஸ்கோப் இலக்கின் பிம்பத்தையும் தன்னுள் இருக்கும் குறிக்கோட்டையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவருவதால் கண்ணுக்கு அந்த அலைச்சல் இல்லை. ஆனால் தோள் ஆடினால், விசையை வெடுக்கென்று இழுத்தால், அதை எந்த ஸ்கோப்பும் சரிசெய்யாது. ஆட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும்.

வாங்குவதற்கு முன் தீர்க்க வேண்டிய முதல் கேள்வி, எந்தப் போட்டிக்காக என்பதுதான். ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள், 50 மீட்டர் ரைபிள் ஆகிய இரண்டிலும் ஸ்கோப்புக்கு இடமில்லை. அனைத்துலகச் சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி அங்கே துளைக்குறிதான் பயன்படும்: பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், வளையத்துக்குள் கறுப்பு இலக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைபிளில் களமிறங்கிய மலேசிய வீராங்கனை நூர் சூர்யானி தைபி குறிபார்த்ததும் அப்படித்தான். கடலூரில் பிறந்து இந்தியாவுக்காக அதே போட்டியில் சுடும் இளவேனில் வளரிவான் குறிபார்ப்பதும் அப்படித்தான். 2017 சீ விளையாட்டுப் போட்டியின் சுடுதல் பிரிவு நடந்த சுபாங் தேசியச் சுடுதளத்தில், பண்டமாரானிலிருந்தோ பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ போய் 10 மீட்டர் பயிற்சியில் சேர நினைக்கும் இளைஞருக்கு ஸ்கோப் தேவையே இல்லை. அந்தப் பணத்தைச் சுடுதல் மேலங்கிக்கும் பெல்லட்டுக்கும் ஒதுக்குவது நல்லது.

ஸ்கோப் உண்மையில் பயன்படும் இடங்கள் வேறு. மேசையில் மணல்பை வைத்து 25 அல்லது 50 மீட்டரில் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் ஒன்று. சுமார் 7 முதல் 50 மீட்டர் வரை வெவ்வேறு தூரங்களில் நிற்கும் உலோக இலக்குகளைச் சுடும் ஃபீல்ட் டார்கெட் இன்னொன்று. அதில் அடிக்க வேண்டிய வட்டம் 15 முதல் 40 மி.மீ. வரைதான் இருக்கும். ஓடும் இலக்குப் போட்டியிலும் ஸ்கோப்புக்கு அனுமதி உண்டு. இவற்றோடு, போட்டி நோக்கம் எதுவும் இல்லாமல் .22 ரைபிளில் 50 மீட்டர் காகித இலக்கைச் சுட்டுப் பழகுவோரையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த அத்தியாயம் இவர்களுக்கானது.

சட்டத்தின் நிலையையும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கிறது. லைசன்ஸ் இல்லாமல் ஏர் ரைபிளை வீட்டில் வைத்திருப்பது குற்றம். இந்தியாவில் 4.5 மி.மீ. துளையும் குறைந்த ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உள்ள விலக்கைச் சொல்லும் தமிழ்க் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கும் அப்படியே என்று நம்புவது ஆபத்து. சங்கத்தில் உறுப்பினராகி, பயிற்றுநரின் கண்காணிப்பில், சுடுதளத்தின் துப்பாக்கியிலேயே பழகுவது சிக்கலில்லாத வழி. ஸ்கோப்பை வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாகத் தருவிப்பதற்கு முன்பும் சுடுதள அதிகாரியிடமும் போலீஸ் தலைமையகத்தின் லைசன்ஸ் பிரிவிலும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சுங்கத்தில் பொட்டலம் நின்ற பிறகு கேட்பதில் பயனில்லை.

குறைந்த செலவில் வாங்குகிறவர் அதிகம் ஏமாறுவது உருப்பெருக்கத்தில். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது அந்த எண்தான். ஆனால் இலக்குச் சுடுதலில் ஒரு ஸ்கோப் பொருந்துமா பொருந்தாதா என்பதைத் தீர்மானிப்பது, பல பெட்டிகளில் அச்சிடப்படாமலே போகும் வேறொரு எண்: இடமாறு தோற்றப் பிழை எந்தத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கிறது என்பது. கடைக்காரர்கள் இதைப் பாரலாக்ஸ் என்பார்கள்.

ஒவ்வொரு ஸ்கோப்பிலும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ள இலக்கின் பிம்பம் மட்டுமே குறிக்கோட்டின் தளத்தில் மிகச் சரியாக விழும். இலக்கு அதைவிட அருகிலோ தொலைவிலோ இருந்தால் பிம்பம் குறிக்கோட்டுக்கு முன்னாலோ பின்னாலோ போய்விடும். அப்போது ரைபிள் அசையாமல் இருந்தாலும், கண் சற்று மேலே கீழே நகர்ந்தால் குறிக்கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரியும். கடிகார முள்ளைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நிமிடம் தவறித் தெரிவது இதே காரணத்தால்தான். கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையின் அதே இடத்தில் பதியாத தொடக்கநிலைச் சுடுநருக்கு இது பெரிய தொல்லை. தவறு தன் கையில் இருப்பதாக அவர் நினைப்பார். உண்மையில் கண்ணாடியில் இருக்கும்.

எவ்வளவு தவறும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். முன்லென்ஸின் விட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, இலக்குத் தூரத்துக்கும் ஸ்கோப் சரிசெய்யப்பட்ட தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, சரிசெய்யப்பட்ட தூரத்தால் வகுத்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது ஏற்படும் மிகக் கூடிய பிழை கிடைக்கும். வேட்டை ரைபிளுக்காகச் செய்த 3-9×40 (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. முன்லென்ஸ்) ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டவை. அத்தகைய ஒன்றை 25 மீட்டரில் பயன்படுத்தினால் பிழை 14 மி.மீ.க்கு மேல் போகலாம். 10 மீட்டரிலோ அது ஏறக்குறைய 18 மி.மீ. 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கு முழுவதுமே 45.5 மி.மீ. அகலம்தான், அதன் பத்தாம் புள்ளி அரை மி.மீ. மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த 18 மி.மீ.யின் கனம் புரியும். மாறாக, .22 ரைபிளுக்கென்று 50 கெஜத்துக்கு, அதாவது 46 மீட்டருக்குச் சரிசெய்த 32 மி.மீ. லென்ஸ் ஸ்கோப் 50 மீட்டரில் அதிகபட்சம் ஒன்றரை மி.மீ. அளவே தவறும்.

ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில்கூட இந்த வேறுபாடு உண்டு. வோர்டெக்ஸின் கிராஸ்ஃபயர் 2 வரிசையில் 3-9×40 மாதிரி 100 கெஜத்துக்கும், 2-7×32 ரிம்ஃபயர் மாதிரி 50 கெஜத்துக்கும் சரிசெய்யப்பட்டவை. எண் பெரியது என்பதற்காக முதலாவதை எடுப்பவர் 50 மீட்டர் காகிதத்தில் நட்டப்படுவார்.

எப்போதும் 50 மீட்டரிலேயே சுடுகிறவருக்கு, 50 கெஜத்துக்கு நிலைப்படுத்திய எளிய ஸ்கோப் போதும், அதுவே மலிவானதும்கூட. ஏர் ரைபிளில் 10, 25, 40 மீட்டர் என்று தூரம் மாற்றிச் சுடுகிறவர் பாரலாக்ஸைத் திருப்பிச் சரிசெய்யும் வளையம் உள்ளதைத் தேட வேண்டும். முன்லென்ஸைச் சுற்றி அந்த வளையம் இருந்தால் பெயரில் ஏ.ஓ. என்ற எழுத்துகள் சேரும்; இடப்பக்கத்தில் திருகாக இருந்தால் பக்கக் குவியம் என்பார்கள். பக்கக் குவியம் கைக்கு வசதியானது, ஆனால் விலை கூடியது. மணல்பையில் வைத்து நிதானமாகச் சுடுகிறவருக்கு ஏ.ஓ.வே தாராளம். வளையத்தில் பொறித்திருக்கும் மிகக் குறைந்த தூரம் 10 கெஜமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சிலவற்றில் அது 30 அல்லது 50 கெஜத்தில் தொடங்கும்; ஏர் ரைபிளுக்கு அது உதவாது.

உருப்பெருக்கம் இதற்கு அடுத்துத்தான். 50 மீட்டர் வரையிலான காகித இலக்குக்கு 9 அல்லது 12 மடங்கு போதுமானது. அதற்கு மேல் போனால் பார்வைப் புலம் குறுகும், ஆட்டம் பெரிதாகத் தெரியும், மலிவான லென்ஸில் பிம்பம் இருண்டு ஓரங்கள் கலங்கும். குறைந்த பணத்தில் 6-24 மடங்கு ஸ்கோப் வாங்கியவர்களில் பலர் அதை 10 அல்லது 12இலேயே வைத்துச் சுடுகிறார்கள். அதற்கு மேல் படம் தெளிவதில்லை. முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 3-9×40 ஸ்கோப்பை 9இல் வைத்தால் 4.4 மி.மீ.; பகல் வெளிச்சத்தில் கண்ணின் பாவை 2 முதல் 3 மி.மீ. வரையே விரிந்திருக்கும். ஆகவே பகலில் சுடுகிறவருக்கு 40 மி.மீ. லென்ஸே மிச்சம். 50 மி.மீ. லென்ஸ் எடையைக் கூட்டி, ஸ்கோப்பை உயரத் தூக்கி, கன்னத்தைக் கட்டையிலிருந்து விலக்கிவிடும். 30 மி.மீ. குழாய் 25.4 மி.மீ. குழாயைவிட அதிக வெளிச்சம் தரும் என்று கடையில் சொல்வதும் சரியன்று. பெரிய குழாயால் கிடைப்பது முக்கியமாக உள்ளே திருகி நகர்த்தக் கூடுதல் இடம். 50 மீட்டருக்குள் அதன் தேவை குறைவு.

குறிக்கோட்டில் மெல்லியதாக, எளியதாக இருப்பதே இலக்குச் சுடுதலுக்கு ஏற்றது. தடித்த கோடு சிறிய கறுப்பு வட்டத்தை மூடிவிடும். புள்ளிகளும் கிளைக்கோடுகளும் நிறைந்த குறிக்கோடு தூரம் மாறும் ஃபீல்ட் டார்கெட்டில் உதவும். அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவான ஸ்கோப்புகளில் பெரும்பாலானவை இரண்டாம் குவியத்தளத்தில் குறிக்கோடு உள்ளவை. அவற்றில் புள்ளிகளுக்கு இடையே உள்ள அளவு ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் சரியாக இருக்கும். மற்றவற்றில் கணக்கு மாறும். சிவப்பு, பச்சை விளக்கு எரியும் குறிக்கோட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வெயிலில் சுடுகிறவருக்கு வீண்.

மேலேயும் பக்கத்திலும் உள்ள திருகுகள் ஒவ்வொரு சொடுக்குக்கும் குறியை ஒரு குறிப்பிட்ட அளவு நகர்த்தும். அந்த அளவை எம்.ஓ.ஏ., மில் என்ற கோண அலகுகளில் சொல்வார்கள். கால் எம்.ஓ.ஏ. என்று பொறித்திருந்தால் 100 மீட்டரில் ஒரு சொடுக்கு 7.3 மி.மீ., 50 மீட்டரில் 3.6 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ. 0.1 மில் என்றிருந்தால் 100 மீட்டரில் 10 மி.மீ., 50 மீட்டரில் 5 மி.மீ. மீட்டரில் அளக்கும் நாட்டில் மில் கணக்கு மனத்தில் எளிதாக நிற்கும். ஆனாலும் குறுகிய தூரத்துக் காகித இலக்குக்குக் கால் எம்.ஓ.ஏ.யின் நுணுக்கம் நல்லது. சொடுக்கு விரலுக்குத் தெளிவாக உணரப்பட வேண்டும். கொழகொழவென்று ஓடும் திருகு எண்ணிக்கையைத் தவறவைக்கும்.

ஸ்பிரிங் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னோக்கி மட்டுமே உதைக்கும். ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னோக்கி நகரும். பிஸ்டன் சிலிண்டரின் முனையில் போய் நிற்கும்போது துப்பாக்கி சட்டென்று முன்னோக்கி இழுபடும். இந்த இரட்டை உதையைத் தாங்காத ஸ்கோப்பில் குறிக்கோடு திரும்பிவிடும், லென்ஸ் தளர்ந்துவிடும். பெரிய தோட்டாவைத் தாங்கும் என்ற உத்தரவாதம் இதற்குச் செல்லாது. ஏர் ரைபிளுக்கு உகந்தது என்று தயாரிப்பாளரே எழுதித் தந்திருக்க வேண்டும். முன்னரே காற்று அடைக்கப்பட்ட பி.சி.பி. ரைபிளில் உதை மிகக் குறைவு. அதில் இந்தக் கவலை இல்லை.

இதே உதைதான், ஸ்கோப்பை ரைபிளோடு பிணைக்கும் மவுண்டையும் சோதிக்கிறது. ஏர் ரைபிளிலும் பல .22 ரைபிளிலும் மேலே 11 மி.மீ. வால்காடி இருக்கும், மற்றவற்றில் குறுக்குப் பள்ளங்கள் கொண்ட பிக்காட்டினி தண்டவாளம். ஒன்றுக்கான மவுண்ட் மற்றொன்றில் உட்காராது, எனவே ரைபிளை அளந்துவிட்டே வாங்க வேண்டும். ஸ்பிரிங் ரைபிளில் இரண்டு தனி வளையங்களைவிட ஒரே துண்டாலான மவுண்ட் மேல். அதன் அடியில் தடுப்பு ஊசி இருந்து, அது ரைபிளின் மேல் உள்ள குழியில் இறங்கினால் ஸ்கோப் பின்னோக்கி நழுவாது. முழுப் பணத்தையும் ஸ்கோப்பில் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் சில்லறைக்கு ஒரு தகர மவுண்ட் வாங்குவது தொடக்கநிலையில் மிகப் பரவலான பிழை. ஒரு படி குறைந்த ஸ்கோப்பும் நல்ல எஃகுத் திருகு கொண்ட மவுண்டும் சேர்ந்தால், உயர்ந்த ஸ்கோப்பும் மட்டமான மவுண்டும் சேர்ந்ததைவிடக் குண்டுகளை நெருக்கமான சிறிய குழுவாக விழவைக்கும்.

கண்ணாடியின் தரத்தைப் பொறுத்தவரை, எல்லா லென்ஸ் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வெறுமனே பூச்சு உள்ளது என்று மட்டும் எழுதியிருந்தால் வெளிப்பரப்பில் ஓரடுக்கு மட்டும் இருக்கலாம். கிள்ளான் வட்டாரத்தில் வேறொரு பகைவனும் உண்டு: பூஞ்சை. கடலோர ஈரக்காற்றில் கேமரா லென்ஸுக்கு நேர்வது ஸ்கோப்புக்கும் நேரும். லென்ஸின் மேல் சிலந்திவலை போன்ற மெல்லிய இழைகள் படர்ந்து, பூச்சையே அரித்துவிடும். நைட்ரஜன் அடைத்து மூடிய குழாய் உட்புறத்தைக் காக்கும், வெளிப்புறத்தைக் காக்காது. நுரைத்திண்டு வைத்த பெட்டிக்குள் ஈரத்தோடு மூடிவைப்பது பூஞ்சைக்கு விருந்து. சுட்டு முடித்ததும் துடைத்துக் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைப்பது செலவில்லாத பாதுகாப்பு. புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் ஈரநீக்கிப் பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைப்பது இன்னும் உறுதி.

விலை அடிக்கடி மாறுவதால் ரிங்கிட் கணக்கு இங்கே தரப்படவில்லை, முன்னுரிமையைச் சொல்லலாம். முதலில் மவுண்டுக்கும் சோதனைக்கான பெல்லட் அல்லது தோட்டாவுக்கும் பணத்தை ஒதுக்கிவிட வேண்டும். எஞ்சியதில் ஏர் ரைபிளுக்கு 3-9×40 ஏ.ஓ. அல்லது 4-12×40 ஏ.ஓ.; .22க்கு 50 கெஜ நிலைப் பாரலாக்ஸ் கொண்ட 2-7 அல்லது 3-9. ஹாக் வான்டேஜ், நிக்கோ ஸ்டர்லிங், யு.டி.ஜி. போன்ற பெயர்கள் இந்த மட்டத்தில் அடிபடுபவை. அதற்கும் பணம் எட்டவில்லை என்றால், பெயர்பெற்ற நிறுவனத்தின் நிலையான 4×32 ஒன்று, பெயரில்லாத 6-24×50ஐவிட நேர்மையாக உழைக்கும். நம்பமுடியாத விலையில் இணையத்தில் தொங்கும் புகழ்பெற்ற பெயர்களில் போலி நிறைய. உத்தரவாதம் உள்நாட்டில் செல்லுமா என்பதை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பழையது வாங்குவதும் நல்ல வழிதான். முன்லென்ஸின் வழியாகக் கைவிளக்கை அடித்து, கண்வில்லைப் பக்கமிருந்து பார்த்தால் பூஞ்சை இழை, தூசி, கீறல் எல்லாம் தெரிந்துவிடும். குழாயில் வளையம் பதிந்த தழும்பு லேசாக இருந்தால் பரவாயில்லை. அமுங்கியிருந்தால் விட்டுவிட வேண்டும்.

கடையில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஸ்கோப்பை மேசையில் இரண்டு துணிச்சுருளுக்கு நடுவே அசையாமல் வைத்து, எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைக் குறிக்கோட்டின் நடுவில் நிறுத்த வேண்டும். ஏ.ஓ. வளையத்தை அந்தத் தூரத்துக்குத் திருப்பிய பின், ஸ்கோப்பைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் மெல்ல நகர்த்தினால் குறிக்கோடு அந்தப் புள்ளியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நகர்ந்தால் வளையத்தைச் சற்று முன்பின் திருப்பிப் பார்க்கலாம். எந்த இடத்திலும் நிற்கவில்லையென்றால் அந்த ஸ்கோப் வேண்டாம். கடை சிறியதாக இருந்தால் வாசலில் நின்று எதிர்ப்பக்கக் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். எழுத்தின் ஓரத்தில் ஊதா நிறம் எவ்வளவு கசிகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பொருத்தும் வேலை ரைபிள் காலியாக இருப்பதை இருமுறை பார்த்த பிறகே தொடங்க வேண்டும். சுடுதளத்தில் யாரையும் எதையும் ஸ்கோப் வழியாக வேடிக்கை பார்க்கக் கூடாது. குழாய் பார்க்கும் திசையைத்தான் துப்பாக்கியும் பார்க்கிறது. கண்வில்லைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் வழக்கமாக 75 முதல் 100 மி.மீ. கண்ணை மூடிக்கொண்டு இயல்பாகக் கன்னத்தைக் கட்டையில் வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், கறுப்பு நிழல் இல்லாத முழுவட்டம் தெரியும் இடமே ஸ்கோப்பின் இடம். வெற்றுச் சுவரையோ வானத்தையோ பார்த்தபடி கண்வில்லையைத் திருகி, குறிக்கோடு பார்த்த மாத்திரத்தில் தெளிவாகும்படி ஒருமுறை அமைத்துக்கொள்ள வேண்டும். வளையத் திருகுகளை ஒன்றையே இறுக்கிவிடாமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, இருபக்க இடைவெளியையும் சமமாக வைக்க வேண்டும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாதபோது வளையத்துக்குச் சுமார் 2 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும்.

குறி நேராக்குவதைக் கிட்டத்திலிருந்தே தொடங்கலாம். 10 மீட்டரில் பெரிய காகிதத்தில் குறி விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு சுடப்போகும் தூரத்துக்குப் போகலாம். ஒரே குண்டை நம்பித் திருகைத் திருப்பக் கூடாது; ஐந்து சுட்டு, குழுவின் நடுவைக் கண்டுபிடித்த பின்பே தொட வேண்டும். 25 மீட்டரில் குழுவின் நடு 22 மி.மீ. கீழேயும் 9 மி.மீ. வலப்பக்கமும் இருந்தால், கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் மேலே 12 சொடுக்கு, இடப்பக்கம் 5 சொடுக்கு. மடக்கும் குழாய் ஏர் ரைபிள்களில் குழாய் சற்றுக் கீழ்நோக்கி இருப்பதுண்டு. அப்போது மேல்திருகை அதன் கடைசி வரை ஏற்றிவிட்டால், ஸ்கோப்பின் உள்குழாயைத் தாங்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்து குறி அலையத் தொடங்கும். திருகை நடுவிலேயே வைத்து, சாய்வு கொடுத்துச் செய்த மவுண்டால் அந்தக் குறையைத் தீர்ப்பதே முறை.

இறுதியாக, திருகுகள் சொன்ன அளவுக்கு நகர்கின்றனவா என்று பார்க்க ஒரு சதுரச் சோதனை. நடுப்புள்ளியையே குறிபார்த்து மூன்று சுட வேண்டும். மேலே 20 சொடுக்கு திருப்பி, அதே புள்ளியைக் குறிபார்த்து மூன்று. வலப்பக்கம் 20, மூன்று. கீழே 20, மூன்று. இடப்பக்கம் 20, மீண்டும் மூன்று. காகிதத்தில் ஒரு சதுரம் உருவாகி, கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே விழ வேண்டும். சதுரம் கோணினாலோ, கடைசிக் குழு முதலிடத்துக்குத் திரும்பாவிட்டாலோ, மவுண்டை ஒருமுறை அவிழ்த்து இறுக்கிவிட்டு மறுபடி சுட்டுப் பார்க்கலாம். அப்போதும் அதே கோணல் என்றால் குறை ஸ்கோப்பில்தான். மாற்றித்தரும் தவணை முடிவதற்குள் அந்தக் காகிதத்தோடு கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.